எது கேட்டாலும் வை

ஆங்கில எழுத்துகள் இருபத்தாறில் ஒன்றைக் கண்டால் மட்டும் எனக்கு ஆகாது. y. கணினித் திரையில் ஒரு கேள்வியின் வாலில் y/n என்று நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் அருவருப்பு வரும். பாதிச் சோற்றில் முடி கிடந்தால் வருமே, அந்த மாதிரி. கூட வேலை பார்க்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஓர் எழுத்தை வைத்து ஒரு மனுஷியின் காரியத்தைக் கெடுத்ததை அவர்கள் பார்த்ததில்லை. கெடுத்த கைகளில் என் கையும் ஒன்று.

திண்டுக்கல்லிலிருந்து எரியோட்டுக்குப் போகிற வழியில் ஒரு தனியார் கல்லூரி. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் அங்கே கணினி ஆய்வகத்துக்குப் பொறுப்பாளன். உரிமம் இல்லாத மென்பொருளை வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ தாளாளரைப் பயமுறுத்திவிட, ஒரே வாரத்தில் அத்தனை கணினிகளிலும் லினக்ஸ் போடச் சொல்லிவிட்டார். பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகடுகளை வைத்துப் போட்டேன். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. மவுஸைத் தொட வேலையே இல்லை. எதுவானாலும் கட்டளையைத் தட்டித்தான் செய்ய வேண்டும்.

அந்தக் காலத்து லினக்ஸில் ஒரு மென்பொருளை ஏற்றுவது மாதிரி ஒரு கேவலமான வேலை வேறு கிடையாது. ஒன்றை ஏற்றப் போனால், எனக்கு இன்னொன்று வேண்டும் என்று நிற்கும். அதைத் தேடிப் போட்டால் அது மூன்றாவதைக் கேட்கும். கல்லூரியில் இணையம் இல்லை. பஸ் பிடித்துத் திண்டுக்கல் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்த மூன்றாவதைப் பிளாப்பியில் இறக்கிக்கொண்டு திரும்பி வருவேன். வந்து செருகினால் பிளாப்பி படிக்காது. எத்தனை முறை அந்தப் பிளாப்பியை ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மென்பொருள்கள் ஒரே பொருளின் வேறு வேறு பதிப்பைக் கேட்டு மல்லுக்கு நின்றால்தான் தலைவலி. வீட்டில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, உப்பில்லாத வெஞ்சனம் வேண்டும். இன்னொருவருக்கு உப்புத் தூக்கலாக இருந்தால்தான் சோறு இறங்கும். சட்டியோ ஒன்று. பாதி உப்புப் போட்டு இறக்கினால் இரண்டு பேருமே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். லினக்ஸில் அப்படிப் பாதி உப்புப் போடவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கட்டளையின் வாலில் ‘ஃபோர்ஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். யாருக்கு ஆகும் ஆகாது என்று ஒன்றும் பார்க்காமல் மேலே மேலே திணித்துக்கொண்டு போகும். நம் ஊரில் பாதிக் காரியம் இப்படித்தான் நடக்கிறது என்பதால் அந்தச் சொல் எல்லோருக்கும் சீக்கிரம் பிடித்துப்போயிற்று.

இனி அந்த y. ஆய்வகத்தில் ஒரு வகுப்புக்கு அறுபது பேர். எதை ஏற்றினாலும் லினக்ஸ் நடுவில் நின்று, தொடரலாமா, ஆம் என்றால் y, இல்லை என்றால் n என்று கேட்கும். உடனே அறுபது வாயும் திறக்கும். “சார், என்னமோ கேக்குது சார்.” ஒவ்வொரு மேசையாக ஓடி ஓடி எனக்குக் கால் ஓய்ந்துவிடும். சீ, இது ஒரு பிழைப்பா என்று ஒருநாள் கடுப்பில் ரெக்கார்டு நோட்டின் மாதிரிப் பிரதியை எடுத்தேன். மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் நோட்டில் செய்முறையை எழுத வேண்டும். அதில் ஏழாவது படியாக ஒரு வரியைச் சேர்த்தேன்: எது கேட்டாலும் y அழுத்துக.

அதோடு ஆய்வகம் அமைதியாகிவிட்டது. எழுதியது ஆங்கிலத்தில் என்றாலும் பிள்ளைகள் வாயில் அது “எது கேட்டாலும் வை” என்று ஆயிற்று. அது அவர்களுக்கு ஆங்கில எழுத்தாகவே படவில்லை. “போடவா?” என்று கேட்டால் “வை” என்று சொல்வது நமக்குப் பேச்சு வழக்கு. கம்ப்யூட்டர் போடவா என்று கேட்கிறது, நாம் வை என்கிறோம், அவ்வளவுதான். இதைக் கேட்டு நானும் அப்போது சிரித்தேன்.

மாடியில் ஆங்கிலத் துறையில் ஒரு மேடம் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணில் நீர் அழுத்தம் கூடிக் கூடி முப்பது வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. பாடம் முழுக்க மனப்பாடம். வகுப்பில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார். நான் அந்த ஏழாவது படியை எழுதி இரண்டு வருடம் கழித்து, ஒருநாள் தன் பிரம்பைத் தட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து நின்றார்.

“சார், கம்ப்யூட்டர் பேசுமாம்ல. நாம அடிக்கிற எழுத்தத் திருப்பிச் சொல்லுமாம்ல. எனக்கு அது வேணும்.”

எதற்கு என்று கேட்டேன்.

“கேள்வித்தாள் போட.”

கேள்வித்தாளுக்கு அந்தக் கல்லூரியில் ஒரு விதி இருந்தது. தாளை எழுதுகிற ஆசிரியரே தனியறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்து, அச்செடுத்து, உறையில் போட்டு அரக்கு வைக்க வேண்டும். இன்னொரு கண் படக் கூடாது. மேடத்துக்கு என்றால் எழுதியதைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் கூட உட்கார வேண்டும். அந்த ஆளின் கண் பட்டால் ரகசியம் போயிற்று. ஆகவே மேடத்துக்குக் கேள்வித்தாள் கிடையாது. கேள்வித்தாள் போடாதவருக்குத் துறைத் தலைவர் பதவியும் கிடையாது. இரண்டையும் ரொம்பப் பணிவாக, ரொம்ப அனுதாபமாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அனுதாபத்தை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

“பதினாலு வருசமா நடத்துறேன் சார். நான் நடத்துன பாடத்துக்கு வேற யாரோ கேள்வி கேக்குறாங்க. பிள்ளைக பரீட்சை எழுதிட்டு வந்து, மேடம் நீங்க சொன்னது ஒன்னும் வரலன்னு சொல்லுதுக” என்றார். கண் நன்றாக இருந்த வயதில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். விசைப்பலகையில் விரலை வைத்தால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடித்தது சரியா என்று திருப்பிச் சொல்ல ஒரு குரல்தான் வேண்டும்.

பேசும் மென்பொருள் ஒரு குறுந்தகட்டில் இருந்தது. ஆங்கிலம் மட்டும் பேசும், அது போதும். ஆனால் ஒலி அட்டை இருந்த கணினி கல்லூரியிலேயே ஒன்றுதான். அது அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. அச்சுப்பொறியும் அதில்தான். மதுரையிலிருந்து ஒருவர் செய்து கொடுத்த வருகைப் பதிவு மென்பொருளும் அதில்தான். அங்கேதான் மல்லுக்கட்டு வந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரே பொதுக் கோப்பு. வருகைப் பதிவுக்கு அதன் பழைய பதிப்பு வேண்டும், பேசும் மென்பொருளுக்குப் புதியது வேண்டும்.

முதல் தடவை நானும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. ஃபோர்ஸ் போட்டேன். மென்பொருள் பேசியது. மறுநாள் காலையில் வருகைப் பதிவில் மொத்தக் கல்லூரியும் ஆப்சென்ட். அலுவலகத்தின் சூப்பிரண்டு ஒட்டன்சத்திரத்துக்காரர். கோபம் வந்தாலும் ‘ங்க’ போகாது.

“ஏனுங்க, இங்க உங்க முன்னால நிக்கறேனுங்க. நானே ஆப்சென்ட்டுங்களா?”

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தேன். சட்டி ஒன்று என்பதால்தானே சண்டை, இரண்டு சட்டியாக வைத்தால் என்ன? பழைய கோப்பைத் தனி இடத்தில் வைத்து, வருகைப் பதிவு அங்கே மட்டும் போய்ப் பார்க்கும்படி செய்தேன். புதியது பொது இடத்தில். இரண்டும் ஓடின. ஆனால் இனி எவனாவது ஏதாவது ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து திணித்தால் மறுபடி நாறிவிடும் என்று பட்டது. அதனால் ஒரு சின்ன நிரல் எழுதினேன். எது ஏற்றினாலும் அதன் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். பெயர் podu. ‘போடு’ என்று தட்டினால், குறுந்தகட்டில் இருப்பதை முதலில் பார்க்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றால் ஏற்றும். இடைஞ்சல் என்றால் நின்று, யாருக்கு என்ன ஆகும் என்று பன்னிரண்டு வரியில் ஆங்கிலத்தில் விளக்கும். இதைப் போட்டால் ஆங்கிலத் துறை மேடத்தின் கணினிக் குரல் நின்றுவிடும் என்பதும் அதில் ஒரு வரி. கடைசியில், தொடரலாமா, y/n என்று கேட்கும். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மற்றவர்களின் நிரல்கள் மாதிரி எண்ணையும் சங்கேதத்தையும் கக்காமல், மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி பேசுகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மேடம் வந்து உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினார். ஒரு வரி அடித்தார். கேட்டார். சிரித்துவிட்டார்.

“சார், இந்த ஆளுக்குச் சளி புடிச்சிருக்கு. மூக்கச் சிந்தச் சொல்லுங்க.”

ஒரு மாதம் தினமும் மதிய இடைவேளையில் வந்து பழகினார். தாளாளரிடம் தானே போய்ப் பேசினார். அந்தப் பருவத்து மாதிரித் தேர்வுக்கு ஒரு தாளை அவர் போட்டுப் பார்க்கலாம், சரியாக வந்தால் பிறகு யோசிக்கலாம் என்று பதில் வந்தது. நாளும் குறித்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை.

சனிக்கிழமை மேடம் புதுச் சேலையில் வந்திருந்தார். சூப்பிரண்டு அரக்கும் முத்திரையுமாக வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். விதிப்படி நான் உள்ளே போகக் கூடாது. கணினியைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் திறந்தது.

“சார், பேச மாட்டேங்குது.”

ஹெட்ஃபோன் கழன்றிருக்கும் என்று நினைத்து உள்ளே போனேன். கழலவில்லை. ஒலியைக் கூட்டிப் பார்த்தேன். மேடம் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் நிரல் எதை எப்போது ஏற்றியது என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கும். அதைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வருகைப் பதிவின் புதுக் குறுந்தகடு. இடைஞ்சல் கண்டது. எச்சரித்தது. பதில்: y.

 மறுபடி எல்லாவற்றையும் எடுத்துப் போட அரை நாள் ஆகும். சூப்பிரண்டிடம் போய் நின்றேன்.

“சார், செத்த நேரம் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிர்றேன்.”

“எனக்குப் புரியுதுங்க. பன்னெண்டுக்குள்ள கவரு வரலீன்னா மாத்தாளு போடட்டும்னு தாளாளரு சொல்லியிருக்காருங்க. நான் என்னங்க பண்ணுட்டும்?”

மாற்றாள் ஏற்கெனவே தயாராக இருந்தார், அதே ஆங்கிலத் துறையில் மேடத்துக்கு எட்டு வருடம் இளையவர். உள்ளே திரும்பி வந்தேன். வாய்க்கு வந்த மாதிரி உளறினேன்.

“மேடம், நீங்க அடிங்க. நான் பாத்துச் சொல்றேன். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தார்.

“நீங்க பாத்துச் சொன்னா அப்புறம் எதுக்கு சார் இம்புட்டும்?” என்றார். பிரம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மாற்றாள் பன்னிரண்டு மணிக்குள் உறையைக் கொடுத்தார். அந்த வருடம் துறைத் தலைவரும் அவரே ஆனார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் போய்க் குதித்தேன். புதுக் குறுந்தகட்டை ஏற்றியது அலுவலக உதவியாளர். நம் கல்லூரியிலேயே படித்து, கல்யாணமாகி, அங்கேயே வேலைக்கு வந்தவர். திரையில் பன்னிரண்டு வரி வந்ததே, கண்ணைத் திறந்து படிக்க மாட்டாயா என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவர் அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

“சார், போடுன்னு அடிச்சேன். என்னமோ கேட்டுச்சு. வை குடுத்தேன். நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?”

மறுநாள் வீட்டிலிருந்து தன் பழைய ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பழுப்பு அட்டை, அழகான கையெழுத்து. ஏழாவது படி: எது கேட்டாலும் y அழுத்துக. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி. கீழே என் சுருக்கொப்பம். பத்துக்குப் பத்து போட்டிருந்தேன். என் கையெழுத்தைப் பார்த்து எனக்கே உமட்டியது அன்றைக்குத்தான். மற்றவர்களின் ஃபோர்ஸைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்த யோக்கியன், தன் பங்குக்கு ஊர் முழுக்க அதையே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

உடனே மாதிரிப் பிரதியில் அந்த வரியைக் கோடு கிழித்து நீக்கினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. மாதிரிப் பிரதியை எவன் பார்க்கிறான்? போன வருட சீனியரின் நோட்டை வாங்கி அப்படியே எழுதுவதுதான் வழக்கம். நான் நீக்கிய வரி அடுத்த வருட நோட்டுகளில் கொழுகொழுவென்று திரும்பி வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது. சிலர் அதற்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தார்கள்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரெக்கார்டு நோட்டைக்கூட மறைக்கவில்லை. 

“அந்தப் பொண்ணத் திட்டாதீங்க. நீங்க எழுதுனது இருக்கே, போடு, அது கேள்வி கேக்கும்னீங்கள்ல? என் குரல நிறுத்தவான்னு?”

“ஆமா மேடம்.”

“யாருகிட்ட கேக்கும்?”

“யாரு உக்காந்திருக்காங்களோ அவங்ககிட்ட.”

“அதத்தான் சார் சொல்றேன். ஊருல உள்ள அம்புட்டுப் பேருகிட்டயும் கேட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.”

 படியிறங்கி வந்து, அன்றைக்கே podu நிரலைத் திறந்தேன். இடைஞ்சல் என்று கண்டால் இனி எதிரில் இருப்பவரிடம் அது ஒன்றும் கேட்காது. எதையும் தொடாமல், இருந்தது இருந்தபடி நிற்கும். எது நின்றுபோகுமோ அதற்கு உரியவர் வந்து தன் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அவர் தட்டிய பிறகுதான் பன்னிரண்டு வரியும் கேள்வியும் வரும். மேடம் தனக்கு ஒரு கடவுச்சொல் வைத்துக்கொண்டார். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, ரொம்பக் கெஞ்சலுக்குப் பிறகு, மறுபடி ஒரு தாள் அவருக்குக் கிடைத்தது. மறுபடி சனிக்கிழமை. வியாழக்கிழமை மதியம் மதுரைக்காரர் புதிதாக இன்னொரு குறுந்தகட்டை அனுப்பினார். சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு விட்டார். போடு என்று தட்டினால் நிற்கிறது, வை கொடுத்தாலும் கேட்க மாட்டேன் என்கிறது என்றார். மேடம் வந்தால்தான் ஆகும் என்று சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே தானே மாடியேறிப் போய்க் கூட்டிவந்தார்.

மேடம் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டினார். பிறகு ஹெட்ஃபோனின் செருகியைப் பிடுங்கினார். சின்ன ஸ்பீக்கரில் அந்தச் சளி பிடித்த குரல் அறைக்கே கேட்கும்படி என் பன்னிரண்டு வரியையும் படித்தது. உதவியாளர் வாசலில் வந்து நின்றார். சூப்பிரண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டார். எழுதி இத்தனை நாளில் அந்தப் பன்னிரண்டு வரியையும் முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிறகு விரலை நகர்த்தி ஒரு விசையை அழுத்தினார்.

“என்” என்றது கணினி.

ஏற்றாமல் நின்றது. “அட்டென்டன்ஸுக்கு என்னங்க பண்றது?” என்று சூப்பிரண்டு கேட்டார்.

“திங்கக்கெழம வரைக்கும் ரிஜிஸ்டர்ல எழுதுங்க சார். நான் பதினாலு வருசம் பொறுக்கலயா?” என்றார் மேடம். சூப்பிரண்டு போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சார், ஏழாவது வரில வாய்ஸுன்னு வரணும். வையோஸுன்னு படிக்குது. எழுத்து மாத்தி அடிச்சிருக்கீங்க. நீங்களும் படிச்சதில்லையா?”

குனிந்து பார்த்தேன். ஏழாவது வரியில் அவர் குரல் என்று நான் எழுதியிருந்த இடத்தில் voice என்பதற்குப் பதில் vioce என்று இருந்தது.